ஜனவரி முதலாம் திகதிக் கலியாணம்

கமராவின் மேல் பழியைப் போட்டுவிட்டு எழும்பிப் போய்விடலாம் என்றால் இதை எழுத வேண்டிய தேவையே இல்லை. பல வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கமரா பழுதாகிப் போச்சு, நான் என்ன செய்ய? கேட்டவர்களும் பாவம் என்று தலையை ஆட்டினார்கள். கமரா பழுதானது உண்மை. அதை அந்த இடத்திலேயே திருத்தியவன் நான் என்பதும் உண்மை. பிழை அந்தத் திருத்தத்தில்தான் தொடங்கியது. அதற்குப் பிறகு நான் செய்த வேலை கமராவோடு சம்பந்தப்பட்டதே இல்லை.

யுத்த காலம். கொட்டாஞ்சேனையில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருந்தது. முன்னால் ஒரு கண்ணாடி மேசை, பின்னால் ஒரு நீலத் திரை, ஒரு ஸ்டூல். அடையாள அட்டைப் படம், பாஸ்போர்ட் படம், மாதா கோயிலில் புதுநன்மை எடுக்கும் பிள்ளைகளின் படம், இவைதான் அன்றாடச் சோறு. கலியாணங்கள் வெள்ளவத்தையிலிருந்து வந்தன. வெளிநாட்டிலிருந்து மாப்பிள்ளை பத்து நாள் லீவில் வந்து இறங்குவார். வடக்கிலிருந்து பெண்ணைக் கூட்டிவந்து ஏதாவது ஒரு ஃபிளாட்டில் வைத்திருப்பார்கள். தாலி கட்டி, பதிவு எழுத்தும் முடித்து, மாப்பிள்ளை திரும்பிப் பறந்துவிடுவார். பெண் இங்கே விசாவுக்குக் காத்திருக்கும்.

எம்பசிக்குக் கொடுக்கிற ஃபைலில் கலியாணப் படங்கள் இருக்க வேண்டும். இந்த இரண்டு பேரும் உண்மையாகத்தான் கட்டினார்கள், விசாவுக்காக ஆடிய நாடகம் இல்லை என்பதற்கு அந்தப் படங்கள் சாட்சி. அதற்கென்று எங்கள் தொழிலில் ஒரு தனி முறையே உருவாகிவிட்டது. எம்பசி அல்பம் என்று நாங்கள் சொல்வோம். அதில் கலை வேலை எதுவும் வேண்டாம். தாலி கட்டுவது, மோதிரம் போடுவது, கையெழுத்து வைப்பது, இரண்டு பக்கத்து ஆட்களும் வரிசையாக நிற்பது, எல்லாவற்றிலும் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். முக்கியமாக, படத்தின் வலது மூலையில் செம்மஞ்சள் நிறத்தில் திகதி விழ வேண்டும். எம்பசி அதைக் கேட்டதா என்று ஒருவருக்கும் தெரியாது. யாரோ ஒருவருடைய மகளுக்கு விசா கிடைத்தது, அவளுடைய அல்பத்தில் திகதி இருந்தது, அவ்வளவுதான். வெள்ளவத்தை முழுக்க அது சட்டமாகிவிட்டது.

இந்தக் கதையில் வருகிற பெண்ணின் தகப்பன் என் கடைக்கு வந்ததும் அதைத்தான் முதலில் சொன்னார். வவுனியாவில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மெலிந்த மனுசன், கையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

"தம்பி, படம் வடிவா வராட்டியும் காரியமில்லை. திகதி விழவேணும்."

"விழும் ஐயா. நான் இதுதானே செய்யிறனான்."

"பிள்ளையை இனி இஞ்ச வைச்சிருக்க ஏலாது. போன மாசம் சுற்றிவளைப்பில பிடிச்சுக்கொண்டு போய் ஸ்டேஷனில காலமையிலயிருந்து பொழுதுபடுமட்டும் இருத்தி வைச்சவங்கள். இந்த வீட்டில இருக்கிறம் எண்ட பொலிஸ் பதிவு இருக்கு, எல்லாம் இருக்கு. இருந்தும் இருத்தினவங்கள். எப்படியும் அனுப்பிப்போட வேணும்."

அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடி மேசைக்குக் கீழே நான் வைத்திருந்த மாதிரிப் படங்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

கலியாணம் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒடுங்கிய ஒழுங்கையில், மூன்றாம் மாடி ஃபிளாட்டில். சொந்தக்காரர் ஒருவருடைய வீடு. வரவேற்பறையில்தான் மணவறை. வீடியோ இல்லை. எம்பசி வீடியோ பார்ப்பதில்லை என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். ஆகவே நான் மட்டும், என்னுடைய ஒரே ஒரு டிஜிட்டல் கமராவோடு. ஏன் இன்னொன்று கொண்டுபோகவில்லை என்று இப்போது கேட்பவர்கள் உண்டு. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போக அந்த நாட்களில் எத்தனை இடத்தில் இறங்கிப் பையைத் திறக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. ஒரு கமரா என்றால் ஒரு கேள்வி. இரண்டு கமரா என்றால் ஏன் இரண்டு, எதை எடுக்கப் போகிறாய், யாருக்கு எடுக்கப் போகிறாய். தமிழனும் கமராவும் சேர்ந்து வந்தாலே ஆமிக்காரனுக்கு மூக்கில் வியர்க்கும். பழைய ஃபிலிம் கமராவை வீட்டு அலுமாரியில் வைத்துவிட்டுத்தான் எப்போதும் போவேன்.

பெண்ணை உடுத்தி வெளிக்கிடுத்தும்போது பதினொரு படம் எடுத்தேன். இருபத்திரண்டு வயது இருக்கும். சிரித்த முகம். தலையில் பூ வைத்துக்கொண்டிருந்த மாமி ஒருத்தி ஊசியால் குத்தியபோதுகூடச் சிரித்தாள். பதினொன்றும் நன்றாக வந்தன. பிறகு வரவேற்பறைக்கு வந்தேன். மாப்பிள்ளை மணவறையில் இருந்தார். ஐயர் ஓமத்தை மூட்டிவிட்டார். மாப்பிள்ளையின் தலையில் தலைப்பாகை வைக்கும் நேரம் பார்த்து அழுத்தினேன். கிளிக் என்ற சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினேன். பின்பக்கத் திரை கறுப்பு. மேலே இருக்கும் சின்னக் கட்டத்தில் பிழை என்ற அறிகுறி மட்டும் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

கமராவை நிறுத்தித் திரும்பப் போட்டேன். அதே மின்னல். பற்றறியைக் கழற்றிச் சேட்டில் தேய்த்துத் திரும்பப் போட்டேன். அதே மின்னல். மெமரி கார்டை எடுத்து ஊதிப் போட்டேன், மற்றக் கார்டை மாற்றிப் போட்டேன், லென்ஸைக் கழற்றி அதன் பின்னால் இருக்கும் பித்தளைப் புள்ளிகளைச் சேட்டுப் பையிலிருந்த லேஞ்சியால் துடைத்தேன். மாதாவே, ஒன்றுக்கும் அசையவில்லை. ஒருபக்கம் கடல் உப்புக் காற்று, மறுபக்கம் ஓமப் புகை, எதைக் குற்றம் சொல்ல? எனக்கோ கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இதற்குள் சபை முழுக்க இஞ்சினியர்மார் ஆகிவிட்டார்கள்.

"புகை உள்ளுக்குப் போயிருக்கும்."

"ஒருக்காத் தட்டிப் பாருங்கோ தம்பி. எங்கட ரேடியோ தட்டினாத்தான் பாடும்."

"பழைய கமராவோ?"

பழைய கமராவாம்! வாங்கி ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மாப்பிள்ளைக்குக் கிட்டப் போய்க் காதுக்குள் கேட்டேன், உங்களிடம் கமரா இல்லையா என்று.

"இருக்கு அண்ணை. லொட்ஜில, சூட்கேசுக்குள்ள."

லொட்ஜ் பம்பலப்பிட்டியில். ஆள் அனுப்பலாம் என்று ஜன்னலால் எட்டிப் பார்த்தால், ஒழுங்கையின் முனையில் ஆமிக்காரர் கயிறு பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். யாரோ பெரிய மனுசர் காலி வீதி என்கிற பெரிய தெருவால் போகப் போகிறார், எப்போது திறப்பார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். முகூர்த்தத்துக்கு இன்னும் இருபது நிமிஷம், பிந்தினால் ராகுகாலம் தொடங்கிவிடும் என்றார். மாப்பிள்ளை அன்று நாலு மணிக்கு எயார்போர்ட்டுக்கு வெளிக்கிட வேண்டும். தகப்பன் என் பக்கத்தில் வந்து நின்றார். அந்தப் பிளாஸ்டிக் ஃபைல் அன்றைக்கும் கையில் இருந்தது.

கமராவைத் தூக்கிக்கொண்டு அடுப்பும் சட்டியுமாய்க் கிடந்த குசினிக்குள் போனேன். அங்கிருந்து மருதானையில் கமரா திருத்துகிற சிங்களவர் ஒருவருக்கு ஃபோன் எடுத்தேன். வருஷக்கணக்காக அவரிடம்தான் என் சாமான்கள் போகும். நான் அவரை அண்ணன் முறையில் அய்யே என்பேன், அவர் என்னைத் தம்பி முறையில் மல்லி என்பார். நடந்ததைச் சிங்களத்தில் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் எதையோ மென்றுகொண்டு நிதானமாகக் கேட்டார்.

"பதறாதே மல்லி. பற்றறி போடுகிற குழிக்குள் பார். பக்கவாட்டில் பொத்தான் மாதிரி இன்னொரு சின்னப் பற்றறி இருக்கும். இரண்டையும் கழற்றிவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா வை. அதற்கு எல்லாம் மறந்துபோக வேண்டும். மறந்தால் எழும்பும்."

இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் "ஸ்தூதி அய்யே" என்று நன்றி சொல்லி வைத்துவிட்டேன். அந்த அவசரத்தை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே இரண்டு அறையலாம் போலிருக்கும்.

சின்னப் பற்றறி ஒரு தட்டில் இறுகிக் கிடந்தது. நகத்தால் வரவில்லை. கரண்டிக் காம்பு தடிப்பு. குசினிக்குப் பக்கத்து அறையில்தான் பெண்ணை இருத்தி வைத்திருந்தார்கள், மணவறைக்குக் கூப்பிடும்வரை. கதவு திறந்திருந்தது. நான் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு, கூறைச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, தலைக்குப் பின்னால் கையை விட்டு ஒரு கிளிப்பை உருவினாள்.

"இது காணுமோ அண்ணை?"

காணும். அதன் நுனியைக் கொடுத்து நெம்பியதும் தட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டு பற்றறியையும் குசினி மேசையில் வைத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"வேலை செய்யுமோ?"

"ஓம் பிள்ளை, செய்யும்."

"செய்யாட்டி?"

நான் சின்னப் பற்றறியை எடுத்துச் சேட்டில் துடைத்தேன்.

"செய்யாட்டி அவர் இன்னொருக்கா லீவு எடுத்துக்கொண்டு வரவேணும்," என்றாள். "ரெண்டு வருஷம் செல்லுமாம். அதுமட்டும் நான் இந்த ஃபிளாட்டுக்குள்ளதான். பொலிஸ் வந்தா அம்மாவுக்கு முதல் நான்தான் கட்டிலுக்குக் கீழ ஓடுவன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தப் பிள்ளை பயத்தையும் சிரித்துத்தான் சொல்லும் என்று அப்போதுதான் விளங்கியது.

ஐந்து நிமிஷம் முடிந்ததும் பற்றறிகளைப் போட்டேன். ஆளியைத் தட்டிக் கமராவைப் போட்டேன். திரை நீலமாக வெளித்தது! நான் கத்திய கத்தில் மாமிமார் ஓடிவந்தார்கள். பெண்ணை மணவறைக்குக் கூப்பிடுகிறார்கள், கசெட்டில் நாதஸ்வரம் பெரிதாக எழும்புகிறது, ஐயர் என்னைப் பார்த்துத் தலையசைக்கிறார். திரையில் கமரா என்னிடம் எதையோ கேட்டுக்கொண்டு மின்னுகிறது. வாசிக்க நேரம் ஏது? சரி, சரி, சரி என்று மூன்று தரம் அழுத்தித் தள்ளினேன். பற்றறி பாதிதான் இருந்தபடியால், எடுத்த படத்தைத் திரையில் காட்டுகிற வேலையையும் நிறுத்தினேன். ஓடிப்போகிறபோது தகப்பன் கையைப் பிடித்தார்.

"தம்பி, திகதி?"

அதை மறப்பேனா? மெனுவுக்குள் போய்த் திகதி விழுகிற இடத்தைத் தேடிப் பிடித்துப் போட்டுவிட்டேன். திகதி விழ வேண்டும் என்று இந்த விசரனுக்கு ஞாபகம் இருந்தது. எந்தத் திகதி விழப்போகிறது என்று பார்க்கத்தான் மூளை இல்லை.

தாலி கட்டியதை மூன்று பக்கத்தால் எடுத்தேன். மாலை மாற்றியது, அம்மி மிதித்தது, அறுகரிசி போட்டது, பிறகு பதிவுக்காரர் வந்து கையெழுத்து, ஒன்றும் விடவில்லை. அன்றைக்கு எடுத்த மாதிரி நான் எந்தக் கலியாணத்திலும் எடுத்ததில்லை. கைவிட்டுப் போன கமரா உயிர்த்து வந்த சந்தோஷம். தகப்பன் எல்லார் முன்னாலும் என்னைக் கட்டிப்பிடித்தார். மூன்று பேருக்குக் காணுமான சோற்றை இலையில் கொட்டி, எழும்ப விடாமல் உபசரித்தார்கள். மாப்பிள்ளை நாலு மணிக்குப் போனார். பெண் ஒழுங்கை முனைவரை போய் மாப்பிள்ளை ஏறிய வான் மறையுமட்டும் நின்றுவிட்டு வந்தாள்.

மறுநாள் கலர் லாப்பில் பிரிண்ட்களை எண்ணாமலே உறையில் போட்டுத் தந்தார்கள். வெளியே படியில் நின்று பிரித்துப் பார்த்தேன். முதல் பதினொன்றிலும் நேற்றைய திகதி. பன்னிரண்டாவதில் ஜனவரி முதலாம் திகதி. வருஷம், ஆறு வருஷத்துக்கு முந்தியது. அடுத்ததிலும் அதுதான். அடுத்ததிலும் அதுதான். தாலி கட்டுவது ஜனவரி ஒன்று, கையெழுத்து வைப்பது ஜனவரி ஒன்று, சோறு தின்பது ஜனவரி ஒன்று. கமரா செய்த தொழிற்சாலையில் அந்த மொடலுக்குக் கொடுத்த பிறந்தநாள் அது. எல்லாவற்றையும் மறந்த கமரா அதை மட்டும் வைத்திருந்து, நான் சரி சரி என்று அழுத்தியதையும் கேட்டு, எழுபத்தெட்டுப் படத்திலும் பச்சை குத்தியது போலக் குத்திவிட்டது. அந்தக் கணக்கின்படி பார்த்தால், நேற்று கூறைச்சேலையோடு வெளிக்கிட்ட பெண்ணுக்கு ஆறு வருஷத்துக்கு முதல், பள்ளிக்கூடம் போகிற வயதில் தாலி கட்டியாயிற்று. படியிலேயே குந்திவிட்டேன்.

வெள்ளவத்தைக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது முதலில் சிரித்தவள் அவள்தான். "அப்ப நான் பதினாறு வயசிலயோ கட்டினனான்? அப்பா, என்னைப் பிடிச்சு உள்ள போடப்போறாங்கள்!" தகப்பன் சிரிக்கவில்லை. ஒவ்வொரு படமாக எடுத்து மூலையை மட்டும் பார்த்தார், முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து பார்த்தார்.

லாப்காரர் கம்பியூட்டரில் அந்த எண்ணை அழித்துச் சரியான திகதியைப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். "வேண்டாம்," என்றார் தகப்பன். போன வருஷம் இன்னொருவர் படத்தில் ஏதோ மாற்றம் செய்து பிடிபட்டு, ஃபைலையே மூடிவிட்டார்களாம். மூலையை வெட்டிவிடலாமா என்றேன். ஏன் வெட்டினாய் என்று கேட்டால்? உண்மையான கலியாணத்தை உண்மை என்று காட்ட ஒரு கள்ளவேலை செய்ய வேண்டிக் கிடந்தது, அதற்கும் பயம். கடைசியில் மாப்பிள்ளை ஃபோனில் ஒரு வழி சொன்னார். உள்ளதை உள்ளபடி சொல்லி, படம் எடுத்தவர் ஒரு கடிதம் தரட்டும்.

அதைவிட என்ன வேண்டும்? அன்று பின்னேரமே டைப் அடிக்கிற கடைக்குப் போய் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் அடிப்பித்தேன். இந்தப் படங்களை இன்ன நாளில் நான்தான் எடுத்தேன், இடையில் கமரா பழுதாகிப் பற்றறி கழற்றியதால் திகதி மாறிவிட்டது, விளக்கம் தேவையென்றால் எந்நேரமும் கேட்கலாம். அடியில் என் கையெழுத்து, ஸ்டூடியோ முத்திரை, தொலைபேசி எண். எண்ணைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னவனும் நானே. தகப்பன் அந்தக் கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கி ஃபைலுக்குள் வைத்தார்.

ஐந்து மாதம் போனது. அந்த ஐந்து மாதமும் கொழும்பு கொழும்பாக இல்லை. எங்கள் தெருவில் காசு கொடுத்து ஃபோன் கதைக்கிற கொமியூனிகேஷன் கடை வைத்திருந்தவரை ஒருநாள் வந்து விசாரணைக்கு என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். யாரோ ஒருவருடைய ஃபோனில் அவருடைய கடை நம்பர் இருந்ததாம், அவ்வளவுதான் குற்றம். அவர் மனைவி ஒவ்வொரு நாளும் என் கடையைத் தாண்டித்தான் ஸ்டேஷனுக்கு நடந்து போவார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். என்னிடம் யாராவது எதையாவது கேட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் பாடமாக்கி வைத்திருந்தேன். நான் மட்டும் இல்லை, தெருவே அதைப் பாடமாக்கி வைத்திருந்தது.

அந்த வாரத்தில்தான் ஒரு மத்தியானம் ஃபோன் அடித்தது. ஆண் குரல். ஆங்கிலம், ஆனால் சிங்களவர் பேசுகிற ஆங்கிலம்.

ஸ்டூடியோவின் பேரைச் சொல்லி, அதுதானா என்று கேட்டது. பிறகு ஒரு பெண்ணின் முழுப் பேர், தகப்பன் பேரோடு சேர்த்து, பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரி. பிறந்த இடம் வவுனியா. இவரை நீர் படம் எடுத்தீரா?

நீங்கள் எங்கிருந்து என்று கேட்டேன்.

"இது ஒரு வெரிஃபிகேஷன். கேள்விக்குப் பதில் சொல்லும். எடுத்தீரா, இல்லையா? இவரை எப்படித் தெரியும்? உம்மிடம் யார் கூட்டிவந்தது?"

ஒரு விஷயத்தை இங்கே மறைக்கக் கூடாது. அந்த முழுப் பேர் எனக்குப் பிடிபடவில்லை, எங்களுக்கு எப்போதும் அவள் பிள்ளைதான். ஆனால் வவுனியா என்றதும் மண்டையின் ஒரு மூலையில் ஏதோ தட்டியது. கூறைச்சேலை, குசினி மேசை என்று என்னவோ வரப் பார்த்தது. அதை வரவிடவில்லை. வவுனியாப் பெண், படம், யார் கூட்டிவந்தது என்ற மூன்றையும் ஒன்றாகக் கேட்ட பிறகு என் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது கொமியூனிகேஷன் கடையின் மூடிய கதவு மட்டும்தான்.

"இல்லை மாத்தயா," என்றேன் சிங்களத்தில், பொலிஸ் ஐயாவோடு பேசுகிற பணிவில். "நான் அப்படி ஒருவரையும் எடுக்கவில்லை. தெரியாது."

"நிச்சயமாக?"

"நிச்சயமாகத் தெரியாது."

நன்றி என்று சொல்லி வைத்துவிட்டார்கள். நன்றி சொன்னார்களே என்றுகூட நான் யோசிக்கவில்லை. பொலிஸ்காரன் எங்கே நன்றி சொன்னான்? வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன், இப்படி ஒரு ஃபோன் வந்தது, மடக்கப் பார்த்தார்கள், நான் ஒரே பிடியாகத் தெரியாது என்று சொல்லிவிட்டேன் என்று. "நல்ல வேலை," என்றாள் அவள். அன்றைக்கு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

மூன்று கிழமை கழித்துத் தகப்பனும் மகளும் கடைக்கு வந்தார்கள். அவர் எம்பசிக் கடிதத்தை நீட்டினார்.

"தம்பி, இல்லை எண்டு வந்திருக்கு எண்டு மட்டும் விளங்குது. ஏன் எண்டு விளங்கேல்லை. ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ."

அவள் கதவோரம் நின்றாள். முதல் தரமாகச் சிரிக்காமல் நின்றாள். நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெரிய மனுசத் தோரணையில் வரிவரியாக வாசித்துத் தமிழில் சொன்னேன்.

"படங்களில இருக்கிற திகதியும் கலியாணச் சான்றிதழில இருக்கிற திகதியும் பொருந்தேல்லையாம்."

"அதுக்குத்தானே உங்கட கடிதம் குடுத்தது?"

"ஓம். அதையும் எழுதியிருக்கினம். படம் எடுத்ததாச் சொல்லிக் கடிதம் தந்தவரோட ஃபோனில கதைச்சவையாம். அவர்..."

அடுத்த வரியைக் கண் முதலில் வாசித்துவிட்டது. வாய் நின்றுவிட்டது.

"அவர்?"

"அவர் சொன்னவராம், தான் இந்தப் படங்களை எடுக்கேல்லை எண்டு. இந்தப் பிள்ளையைத் தனக்குத் தெரியாது எண்டு."

"ஆர் சொன்னது?" என்றார் தகப்பன், உண்மையிலேயே விளங்காமல். "வேற ஆரையும் கேட்டுப்போட்டினமோ?"

"நான்தான் ஐயா. நான்தான் சொன்னனான்."

ஃபோன் வந்த கதையைச் சொன்னேன். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னேன். அவர் என்னை அடித்திருக்கலாம், தூஷணத்தால் ஏசியிருக்கலாம். நான் அதைத்தான் விரும்பினேன். அவர் ஸ்டூலில் இருந்தார். படம் எடுக்க வருகிறவர்கள் இருக்கிற ஸ்டூல்.

"எனக்கு வந்திருந்தாலும் நானும் அப்பிடித்தான் தம்பி சொல்லியிருப்பன்," என்றார்.

மகள் மேசைக்குக் கிட்ட வந்தாள். "ஓம் எண்டு ஒரு சொல்லுத்தானே அண்ணை கேட்டவை," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. பிறகு மேசையில் இருந்த ஃபோனை என் பக்கம் தள்ளினாள். "இப்ப எடுத்துச் சொல்லுங்கோ. கடிதத்தில நம்பர் இருக்கு."

எடுத்தேன். மணி அடித்தது. பதிவு செய்த ஒரு பெண் குரல் வந்தது. விசா முடிவுகள் பற்றித் தொலைபேசியில் பேசப்படமாட்டாது என்று ஆங்கிலத்தில் சொன்னது. பிறகு பியானோ சத்தம். அதற்குப் பிறகு மறுபடி அதே குரல், அதே வசனம். இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சொல்லுங்கோ அண்ணை."

நான் சொன்னேன். அந்தப் பியானோவுக்கு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தெளிவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். ஓம், அந்தப் படங்களை எடுத்தது நான்தான். அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும். அந்தக் கலியாணம் நடந்தது, நான் பக்கத்தில் நின்றேன். இரண்டாம் தரம் சொல்லும்போது லைன் அறுந்துவிட்டது. நான் றிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"என்ன சொல்லினம் அண்ணை?" என்று அவள் கேட்டாள்.